விவாகரத்து: செலவுக் கணக்கு எங்கே தொடங்குகிறது?

சட்டத்தரணியின் வாசலுக்குப் போகுமுன் விவாகச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். மாத்தளை மாவட்டத்தில் ஒரு தம்பதி பிரிவதற்கு ஆகும் காலமும் காசும் பெரும்பாலும் அந்த ஒற்றைத் தாளிலேயே முடிவாகிவிடுகின்றன.

நக்கிள்ஸ் மலைகளுக்கு அப்பால், மாத்தளை மாவட்டத்தின் ஒதுக்குப்புறத்தில் இருக்கிறது பல்லேகம. இலக்கல-பல்லேகம பிரதேச செயலகப் பிரிவு அதன் பெயரையும் சேர்த்தே அழைக்கப்படுகிறது. மாத்தளை நகரிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன் மேட்டில் ஏறி, இலுக்கும்புரப் பக்கம் இறங்கித்தான் அங்கே போக வேண்டும். இந்தப் பாதையோரம் வாழும் மூன்று தம்பதிகள், இனிச் சேர்ந்து வாழ முடியாது என்று முடிவெடுக்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். பல்லேகமவில் வயல் செய்யும் கண்டியச் சிங்களத் தம்பதி ஒன்று. ரத்தோட்டைப் பக்கம் தோட்ட லயத்தில் குடியிருக்கும் தமிழ்த் தம்பதி ஒன்று. மாத்தளை நகரில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் தம்பதி ஒன்று.

கண்டியச் சட்டத்தின் கீழ் மணந்த முதல் தம்பதி, இருவரும் சம்மதித்தால், பதிவாளரிடம் விண்ணப்பம் கொடுத்தே பிரிந்துவிடலாம். சட்டத்தரணி வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முஸ்லிம் தம்பதி காதி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே சட்டத்தரணி முன்னிலையாகவே முடியாது. தமிழ்த் தம்பதிக்கு மட்டும் மாவட்ட நீதிமன்றத்தைத் தவிர வேறு வழி கிடையாது. இருவரும் மனமொத்துப் பிரிய நினைத்தாலும், ஒருவர் மற்றவர் மீது குற்றம் சுமத்தி, அதைச் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும்.

ஒரே மாவட்டம், ஒரே மனவேதனை, மூன்று சட்டங்கள். “விவாகரத்துக்கு எவ்வளவு முடியும்?” என்று கேட்கும் எவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

எந்தச் சட்டத்தில் பதிந்தீர்கள்?

கண்டியர் திருமணங்களையும் விவாகரத்துகளையும் ஆள்வது 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம். மலைநாட்டு வழக்கம் அதைவிட மிகப் பழையது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், அங்கே கணவனும் மனைவியும் எளிதாகப் பிரிந்து மறுமணம் செய்துகொண்டதைத் தன் நூலில் எழுதி வைத்தார். பிரித்தானியர் 1859இல் கொண்டுவந்த கட்டளைச் சட்டம் திருமணப் பதிவைப் புகுத்தியது. ஒருவருக்கு ஒரு துணை என்ற விதியையும் அதுவே கொண்டுவந்தது. ஆனாலும் மனமொத்துப் பிரியும் பழைய வழக்கத்தின் சாரம் 1952ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள்ளும் தங்கிவிட்டது. பரஸ்பர சம்மதம் அங்கே ஒரு காரணம். இரண்டு ஆண்டு தொடர்ந்து கைவிட்டிருப்பது இன்னொரு காரணம். ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்து, சேர்ந்து மகிழ்ச்சியாக வாழ இயலாது என்று காட்டுவதும் ஏற்கப்படும் காரணமே. பதிவாளரே விசாரித்து முடிவு சொல்வார்.

இந்த வசதி கண்டியச் சிங்களவருக்கு மட்டும் உரியது. அவர்களும் கண்டியச் சட்டத்தின் கீழ் மணந்திருந்தால்தான் இது கிடைக்கும். பொதுத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிந்துகொண்ட கண்டியத் தம்பதி, பிரியும்போது எல்லோரையும் போல மாவட்ட நீதிமன்றப் படி ஏற வேண்டும். கல்யாண நாளன்று பதிவாளர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி, எந்தப் புத்தகத்தில் போட்டோம் என்று பார்த்தவர்கள் குறைவு. ஆகவே, விவாகச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுத்து, அதன் தலைப்பில் எந்தச் சட்டம் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள்.

முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விவாக, விவாகரத்துச் சட்டம் பொருந்தும். கணவன் தலாக் சொல்லவும், மனைவி பஸஹ் முறையில் விவாகரத்துக் கேட்கவும் வழிமுறைகள் வேறு வேறு. காதியின் முன் சட்டத்தரணி தோன்ற முடியாததால் கட்டணச் செலவு குறைகிறது என்பது உண்மை. ஆனால் தன் தரப்பைத் தானே பேச வேண்டிய பெண், போவதற்கு முன்பே ஒரு சட்டத்தரணியிடம் ஆலோசனை கேட்டுக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது.

மற்ற எல்லோருக்கும் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம். மாத்தளையின் தோட்டத் தமிழரும் நகரத் தமிழரும் இதற்குள்தான் வருகிறார்கள். வடபகுதித் தமிழரின் தேசவழமை, சொத்து விடயத்தில்தான் குறுக்கிடும். விவாகரத்தின் காரணங்களை அது மாற்றுவதில்லை.

குற்றம் சொல்லாமல் விடுதலை இல்லை

பொதுச் சட்டம் ஏற்கும் காரணங்கள் மூன்றே மூன்று. திருமணத்துக்குப் பின் பிறருடன் தகாத உறவு, வன்மத்துடன் கைவிட்டுச் செல்வது, திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மையின்மை அல்லது உடலுறவு இயலாமை. “ஒத்துவரவில்லை” என்பது இந்தப் பட்டியலில் இல்லை. “இருவரும் பேசி முடிவெடுத்துவிட்டோம்” என்பதும் இல்லை. இருவரும் கூடிக் கதை கட்டி வழக்காடினால் வழக்கே தள்ளுபடியாகலாம்.

நடைமுறையில் பெரும்பாலான வழக்குகள் தங்குவது வன்மத்துடன் கைவிடுதல் என்ற காரணத்தில்தான். வீட்டை விட்டுப் போனவர்தான் கைவிட்டவர் என்று நினைக்க வேண்டாம். குடியும் அடியும் தாங்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போன பெண்ணும், கணவன்தான் தன்னைக் கைவிட்டான் என்று வழக்குப் போடலாம். அவளை வெளியேற வைத்த அவனுடைய நடத்தையையே கைவிடுதலாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு விடயம் தெரியாமல், “நான்தானே வீட்டை விட்டு வந்தேன், என் மேல்தானே பிழை” என்று பல ஆண்டு வாய்மூடி இருக்கும் பெண்கள் நம்மிடையே உண்டு.

ஏழு வருடம் பிரிந்திருந்தால் தானாகவே விவாகரத்துக் கிடைத்துவிடும் என்ற பேச்சு ஊரெல்லாம் உலவுகிறது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 608ஆம் பிரிவு 1977இல் திருத்தப்பட்டபோது, ஏழாண்டுப் பிரிவைக் காட்டிச் சுருக்கமுறையில் விண்ணப்பிக்க வழி வைக்கப்பட்டது. ஆனால் தென்னக்கோன் எதிர் சோமவதி பெரேரா வழக்கில் உயர் நீதிமன்றம் 1986இல் அந்த வாசலைச் சுருக்கிவிட்டது. பிரிந்திருந்த காலம் மட்டும் போதாது, மற்றவர் பக்கத்துத் தவறும் காட்டப்பட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. ஏழு வருடம் காத்திருந்தால் செலவில்லாமல் முடியும் என்று நம்பிக் காத்திருப்பவர்கள், அந்த ஏழு வருடத்தையும் இழந்த பிறகுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

வழக்கு நடக்கும் விதம் இதுதான். வழக்குத் தொடுப்பவர் வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் முறைப்பாடு பதிவாகும். மற்றவருக்கு அழைப்பாணை போகும். தகாத உறவு காரணமென்றால், அந்த மூன்றாமவரும் எதிராளியாகச் சேர்க்கப்படுவார். எதிராளி வராவிட்டால் ஒருதலைப்பட்ச விசாரணையில் சாட்சியம் எடுக்கப்படும். வந்து எதிர்த்தால் மறுமொழி, எழுவினாக்கள், சாட்சிகள், குறுக்கு விசாரணை என்று நீளும். தீர்ப்புக் கிடைத்தாலும் முதலில் வருவது ‘நைசி’ எனப்படும் இடைக்காலத் தீர்ப்பு. குறைந்தது மூன்று மாதம் கழிந்து அது முடிவான தீர்ப்பாக மாறினால்தான் திருமணம் சட்டப்படி கலைகிறது. இந்த மூன்று மாதத்துக்குள் மறுமணம் செய்துகொள்ளக் கூடாது.

சட்டத்தரணியை எங்கே தேடுவது?

மாவட்டத்தின் கிழக்கு மூலையில் இருப்பவர்களுக்கு முதல் கேள்வியே எந்த நீதிமன்றம் என்பதுதான். உங்கள் கிராம சேவகர் பிரிவு எந்த மாவட்ட நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறது என்பதை நீதிமன்றப் பதிவாளர் காரியாலயத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அதைத் தெரிந்துகொண்டு, அந்த நீதிமன்றத்தில் அன்றாடம் நிற்கும் சட்டத்தரணியைத் தேடுங்கள். கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ பெரிய பெயரை அழைத்து வந்தால், ஒவ்வொரு தவணைக்கும் அவருடைய பயணமும் உங்கள் கணக்கில்தான் ஏறும். சிக்கலில்லாத ஒரு விவாகரத்து வழக்குக்கு அது தேவையில்லை.

முன்பு புரொக்டர், அப்புக்காத்து என்று இரண்டு வகையினர் இருந்தார்கள். 1970களில் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டு எல்லோரும் சட்டத்தரணிகள் ஆனார்கள். ஆனாலும் வேலைப் பங்கீடு இன்றும் தொடர்கிறது. நீங்கள் புரொக்சி எனப்படும் அதிகாரப் பத்திரத்தைக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் சட்டத்தரணியே வழக்கின் ஆவணங்களுக்குப் பொறுப்பானவர். மன்றில் எழுந்து பேச இன்னொருவரை அவர் அமர்த்தலாம். அப்படியானால் இரண்டு பேருக்கும் காசு. “நீங்களே பேசுவீர்களா, வேறு ஆள் வருவாரா?” என்று முதல் நாளே கேட்பது மரியாதைக் குறைவாகாது.

நொத்தாரிசையும் வழக்காடும் சட்டத்தரணியையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. நொத்தாரிசுகள் பெரும்பாலும் சட்டத்தரணிகளே. ஆனால் நாளெல்லாம் காணி உறுதி எழுதுபவருக்கும் குடும்ப வழக்கு நடத்துபவருக்கும் அனுபவம் வேறு. குடும்ப வழக்குகளை வழக்கமாக எடுப்பவர் யார் என்று விசாரியுங்கள். அதே நீதிமன்றத்தில் வழக்கு முடித்த உறவினர், பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், ஊர்ப் பாடசாலை அதிபர் போன்றவர்கள் சொல்லும் பெயர்களை விசாரித்து இரண்டு மூன்று பேரைச் சந்தியுங்கள்.

நீதிமன்ற வாசலில் காத்திருந்து, “நல்ல லோயர் இருக்கிறார், நான் கூட்டிப்போகிறேன்” என்று கையைப் பிடிக்கும் தரகரை விலக்குங்கள். அவருக்குப் போகும் பங்கும் உங்கள் கட்டணத்திலிருந்துதான் போகிறது. சட்டத்தரணி என்று சொல்பவர் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்து பதிவானவராக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சட்டத்தரணிகள் சங்க அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். காசு கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். “இந்த நீதிபதியை எனக்குத் தெரியும், ஒரே தவணையில் முடித்துத் தருகிறேன்” என்று உறுதி கொடுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நேர்மையான சட்டத்தரணி காலத்தையும் காசையும் மதிப்பிட்டுச் சொல்வார். தீர்ப்பை வாக்குறுதி கொடுக்க மாட்டார்.

காசு எங்கெங்கே போகிறது?

விவாகரத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு விலைப்பட்டியல் கிடையாது. கட்டணம் கட்சிக்காரருக்கும் சட்டத்தரணிக்கும் இடையே பேசி முடிவாகும் தொகை. ஆனால் அந்தத் தொகை எந்தெந்தப் பகுதிகளால் ஆனது என்று தெரிந்தால், யாரும் உங்களை எளிதில் ஏமாற்ற முடியாது.

முதல் ஆலோசனைக்கு ஒரு தொகை. வழக்கு ஆவணம் தயாரித்துத் தாக்கல் செய்ய ஒரு தொகை, அதோடு முத்திரைச் செலவு. அழைப்பாணை சேர்ப்பிக்கும் செலவு. எதிராளியின் விலாசம் தெரியாமல், அல்லது அவர் மத்திய கிழக்குக்குப் போய்த் தொடர்பற்றிருந்தால், வீட்டில் ஒட்டியோ பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தோ அறிவிக்க நேரும். விளம்பரம் என்றால் அதற்குத் தனிச் செலவு. அதன் பிறகு ஒவ்வொரு தவணைக்கும் முன்னிலைக் கட்டணம். மொத்தக் கணக்கைப் பெரிதாக்குவது இந்தக் கடைசி வகைதான். சிலர் முழு வழக்குக்கும் ஒரே தொகை பேசுகிறார்கள், சிலர் தவணைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். எதிராளி வழக்கை எதிர்க்கப் போவதில்லை என்றால் தவணைக் கணக்கு உங்களுக்கு லாபமாக இருக்கலாம். கடுமையாக எதிர்ப்பார் என்று தெரிந்தால் ஒரே தொகை பாதுகாப்பு. முடிவில் சான்றுபடுத்திய தீர்ப்புப் பிரதிக்கும் செலவு உண்டு. அந்தப் பிரதி இல்லாமல் மறுமணப் பதிவு நடக்காது, ஆகவே வழக்கு முடிந்த கையோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் யாரிடம், தாபரிப்பு எவ்வளவு, வீடு யாருக்கு என்ற கேள்விகளில் உடன்பாடு இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் தவணைகளைப் பெருக்கும். காணிப் பங்கீடு பெரும்பாலும் தனி வழக்காகவே போகும். விவாகரத்தோடு சொத்தில் பாதி தானாக மனைவிக்கு வரும் என்பது நம் சட்டத்தில் இல்லை. யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே சொந்தம் என்பதுதான் பொது விதி. ஆனால் விவாகரத்தை வழங்கும்போது, ஒரு சொத்தை எழுதிக் கொடுக்கவோ, மொத்தமாகவோ மாதாமாதமாகவோ பணம் கொடுக்கவோ கட்டளையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. இந்தக் கோரிக்கையை முறைப்பாட்டிலேயே எழுதச் சொல்ல வேண்டும்.

பற்றுச்சீட்டில் ஏறாத செலவொன்றும் உண்டு. தோட்டத்துப் பெண் ஒருத்தி தவணைக்குப் போகும் நாளைப் பாருங்கள். விடியும் முன் எழும்பி, பிள்ளையைப் பக்கத்துக் காம்பராவில் விட்டு, பஸ் பிடித்து மாத்தளைக்கு வந்து, நீதிமன்ற வாசலில் பெயர் கூப்பிடும்வரை நிற்கிறாள். நடுப்பகலில் பெயர் வருகிறது. எதிராளியின் சட்டத்தரணி அவகாசம் கேட்கிறார். நீதிமன்ற முதலியார் அடுத்த திகதியைச் சொல்கிறார். அவ்வளவுதான், அன்றைய நாட்கூலி போய்விட்டது. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டால், பதினைந்து தவணைக்கு அவள் இழக்கும் கூலி மட்டும் 20,250 ரூபாய். துணைக்கோ சாட்சிக்கோ அண்ணனும் வந்தால் அது 40,500. பஸ் காசும் சாப்பாடும் இதில் சேரவில்லை. அதனால்தான் சட்டத்தரணியிடம் தொகையை மட்டும் கேட்காமல், எத்தனை தவணைக்கு நான் நேரில் வர வேண்டும், எதற்கெல்லாம் நீங்கள் மட்டும் போனால் போதும் என்றும் கேட்க வேண்டும்.

முதற் சந்திப்பில் கேட்க வேண்டியவை

• என் திருமணம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது? வழக்கு எந்த நீதிமன்றத்தில்?

• எந்தக் காரணத்தை வைத்து வழக்குப் போடப் போகிறீர்கள்? அதற்கு என் கையில் இருக்கும் சாட்சியம் போதுமா?

• எதிராளி வராவிட்டால் எவ்வளவு செலவு, வந்து எதிர்த்தால் எவ்வளவு? இரண்டு கணக்கையும் எழுதித் தர முடியுமா?

• முழுத் தொகையா, தவணைக் கணக்கா? வழக்குத் தள்ளிப்போடப்படும் நாளுக்கும் கட்டணம் உண்டா?

• முத்திரை, அழைப்பாணை, பிரதிகள், மொழிபெயர்ப்பு ஆகியவை இந்தத் தொகைக்குள் வருகின்றனவா?

• வழக்கு முடியும்வரை எனக்கும் பிள்ளைகளுக்கும் இடைக்காலத் தாபரிப்புக் கேட்கலாமா?

• இடையில் சட்டத்தரணியை மாற்ற நேர்ந்தால் என் ஆவணங்கள் எப்படித் திரும்பக் கிடைக்கும்?

போகும்போது விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, பொலிஸ் முறைப்பாடு இருந்தால் அதன் பிரதி, மருத்துவ அறிக்கை, எதிராளியின் வேலை, வருமான விபரம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நடந்தவற்றைத் திகதி வாரியாக ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போனால், அழுகையில் பாதி விடயம் விட்டுப்போகாது. தோட்டத்தில் கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்ட கல்யாணமாக இருந்தால், படங்களையும் வந்திருந்தவர்களின் பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். வழக்கப்படி நடந்த திருமணத்தையும் நீதிமன்றம் ஏற்கலாம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியிருப்பதால் செலவு கூடும்.

கையில் காசு இல்லாவிட்டால்

வறுமை காரணமாக ஒருவருக்கு வழக்காட முடியாமல் போகக் கூடாது என்பதற்காகவே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் கீழ் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு நாடெங்கும் நீதிமன்ற வளாகங்களை ஒட்டி நிலையங்கள் உண்டு. வருமானத்தைப் பார்த்து, வழக்கில் நியாயம் இருக்கிறதா என்றும் பார்த்து, சட்டத்தரணியை அவர்களே தருவார்கள். தனியாரிடம் முற்பணம் கொடுக்கும் முன் அங்கே ஒருமுறை போய்க் கேட்டுவிடுங்கள்.

வருமானம் உள்ள கணவன் மீது வழக்காடும் மனைவிக்கு இன்னோர் உரிமை இருப்பது பலருக்குத் தெரியாது. வழக்கு நடக்கும் காலத்தில் தாபரிப்புக் கேட்கலாம். அதோடு வழக்குச் செலவுக்கும் பணம் தரும்படி வசதியுள்ள தரப்புக்குக் கட்டளையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கணவனுக்கும் இதே உரிமை இருக்கிறது. வசதியற்றவர் யாரோ அவரைக் காப்பதுதான் சட்டத்தின் நோக்கம்.

சில நேரம் உடனடித் தேவை விவாகரத்தாக இருக்காது. அடுப்பு எரிய வேண்டும், பிள்ளைக்குப் பாடசாலைச் செலவு வேண்டும் என்றால், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். விவாகரத்து வழக்கு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், தேவையிருந்தால் பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுவரையான பிள்ளைகளுக்கும் கேட்கலாம். கட்டளைப்படி பணம் கட்டாதவருக்குச் சிறைகூடக் காத்திருக்கிறது. அடி உதை என்றால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் முதலில் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையும், விசாரணைக்குப் பின் பன்னிரண்டு மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளையும் தரலாம். பெண்களுக்கான 1938, சிறுவர்களுக்கான 1929 ஆகிய தொலைபேசி இலக்கங்களை வீட்டுச் சுவரில் எழுதி வைப்பதில் வெட்கம் எதுவுமில்லை.

தமிழில் கேட்கும் உரிமை

வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்றங்களின் மொழி சிங்களம். மாத்தளையிலும் அதுவே. தனக்குப் புரியாத மொழியில் தன் வாழ்க்கை பேசப்படுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கும் தமிழ்ப் பெண்ணுக்கு அரசியலமைப்பு துணை நிற்கிறது. 1988இல் வந்த பதினாறாவது திருத்தத்துக்குப் பின், 24ஆம் உறுப்புரையின்படி ஒருவர் தமிழிலேயே வழக்கைத் தொடங்கலாம், ஆவணங்களைத் தாக்கல் செய்யலாம். மன்றில் பேசப்படுவது புரியாதவருக்கு மொழிபெயர்ப்பை அரசே தர வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறையால் தவணை தள்ளிப்போகும் வேதனையும் உண்டு. ஆகவே இரண்டு மொழியும் சரளமாகப் பேசும் சட்டத்தரணியைத் தேர்ந்தெடுப்பது நேரத்தையும் காசையும் மிச்சப்படுத்தும். உங்கள் வாக்குமூலத்தில் கையெழுத்திடுமுன் அதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டாமல் கையெழுத்துக் கேட்பவர் யாராக இருந்தாலும் பேனாவை எடுக்க வேண்டாம்.

மலிவு என்று போய் மாட்டிக்கொள்ளும் வழிகள்

செலவுக்குப் பயந்து குறுக்கு வழி தேடுவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. பொலிஸில் இரு தரப்பையும் கூப்பிட்டு, “இனி ஒருவர் விடயத்தில் ஒருவர் தலையிடுவதில்லை” என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். தோட்டத் தலைவர் முன்னால், கோயில் முன்றலில், பெரியவர்கள் கூடித் தாலியைக் கழற்றி வாங்கிக்கொள்கிறார்கள். நொத்தாரிசு முன் உடன்படிக்கை எழுதுகிறார்கள். இவை எதுவும் பதிவுத் திருமணத்தைக் கலைக்காது. அந்தக் கடதாசியை நம்பி இன்னொரு கல்யாணம் செய்தால் அது செல்லாது. தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றமும்கூட. பின்னால் வரும் பிள்ளைகளின் உரிமை, மரண நட்டஈடு, சேமலாப நிதி என்று எல்லாவற்றிலும் அந்தச் சிக்கல் தொடரும். அப்போது அதை அவிழ்க்க ஆகும் செலவு, இன்று முறையாக விவாகரத்துப் பெற ஆகும் செலவைவிடப் பல மடங்கு.

சட்டம் மாற வேண்டும்

இந்தியாவில் இந்துத் திருமணச் சட்டம் 1976இலேயே பரஸ்பர சம்மத விவாகரத்தை ஏற்றுவிட்டது. இங்கிலாந்தில் யார் பிழை என்று நிரூபிக்கத் தேவையில்லாத சட்டம் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, பல்லேகமவிலேயே கண்டியத் தம்பதிக்கு அந்த உரிமை பல தலைமுறையாக இருக்கிறது. அதே பஸ்ஸில் வரும் தமிழ்த் தம்பதிக்கு மட்டும், ஒருவரையொருவர் குற்றவாளியாக்காமல் பிரிய வழியில்லை. மனமொத்துப் பிரிய வந்தவர்களைச் சண்டைக்காரர்களாக்கி, அந்தச் சண்டையை ஆண்டுக்கணக்கில் இழுத்து, அதன் செலவையும் அவர்கள் தலையிலேயே கட்டுகிறது 1907ஆம் ஆண்டுச் சட்டம். பொதுச் சட்டத்திலும் பரஸ்பர சம்மதத்தையும், மீள முடியாத முறிவையும் காரணங்களாகச் சேர்க்க வேண்டும். எளிய வழக்குகளைச் சில தவணைகளுக்குள் முடிக்க விதி செய்ய வேண்டும். மலையகப் பிரதிநிதிகள் சம்பளத்துக்கும் காணிக்கும் குரல் கொடுப்பதைப் போல இதற்கும் பாராளுமன்றத்தில் குரல் கொடுக்க வேண்டும். இதில் அரசுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை, மனம் வைத்தால் போதும்.

அதுவரை இருக்கும் சட்டத்துக்குள் தெளிவோடு நடப்பதுதான் நமக்குள்ள வழி. சான்றிதழை எடுங்கள். சட்ட உதவி நிலையத்தில் கேளுங்கள். இரண்டு சட்டத்தரணிகளைச் சந்தித்து, கணக்கை எழுதி வாங்குங்கள். இந்த மூன்றையும் செய்துவிட்டு வழக்குப் போடுவதா, பொறுத்துப் பார்ப்பதா என்று முடிவெடுங்கள். எந்த முடிவாக இருந்தாலும், அது செலவு தெரியாத பயத்தில் எடுத்த முடிவாக இருக்காது.